விதியை அறிந்தவர் கைக்கு எட்டாத நிரல்

சற்றே நீண்ட பதிவு. மொழித் தொழில்நுட்பத்தில் ஈடுபாடுள்ள நண்பர்களும், அவர்களைவிட முதன்மையாக, ‘நிரல் எங்களுக்குப் புரியாது’ என்று ஒதுங்கி நிற்கும் மொழித்துறை நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். பெரிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலகங்களை எவ்வாறு கூறுகளாகப் பிரிப்பது, அக்கூறுகளை எவ்வாறு ஒன்றனுள் ஒன்றாக அடுக்குவது என்னும் கேள்வியைப் பொறியாளர்கள் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அந்நிரலகம் ஒரு மொழியைக் கையாளுமாயின், அக்கேள்வியில் மொழி அறிந்தோர்க்கும் பங்குண்டு என்பதே என் வாதம்.

முதலில் இக்கருத்துக்கு என்னைத் தள்ளிய நிகழ்ச்சி. என் முனைவர் பட்ட ஆய்வு அகத்தியமலைச் சரிவுகளில் வாழும் காணிக்காரர் பேச்சைப் பற்றியது. ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையின் வாயிலாக வெளியுலகம் அறிந்த மக்கள் இவர்கள். திருவனந்தபுரம் மாவட்டக் குடியிருப்புகளில் பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் பேச்சிப்பாறைப் பக்கம் தமிழில் படிக்கிறார்கள். பேச்சு ஒன்று, மாநில எல்லை அதற்கு இரண்டு எழுத்துகளை வகுத்திருக்கிறது.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்தபின் ஒரு குடியிருப்புக்குச் சென்றிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் திரட்டி இணையத்தில் ஏற்றிய சொற்பட்டியலைக் கைப்பேசியில் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியல் மலையாள எழுத்தில் உள்ளிடப்பட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் தமிழ் எழுத்தில் மாறித் தெரியும். குமரி மாவட்டத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு சிறுமி அருகில் அமர்ந்து தமிழ் வடிவத்தை உரக்கப் படித்தாள். நான்கைந்து சொற்களுக்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சொல்லின் இறுதியில் ‘ன்’ வரவேண்டிய இடமெல்லாம் ‘ந்’ என்று இருந்தது. அவளுடைய பாட்டி திரையைப் பார்க்கவேயில்லை. படித்ததைக் காதால் கேட்டே, “இது எங்க பேச்சு இல்ல மக்ளே” என்றார்.

பிழையின் காரணம் மொழியியல் முதலாண்டு மாணவருக்கும் தெரிந்தது. மலையாளத்தின் ‘ந’ எழுத்து ஒன்றே பல்லொலியான நகரத்தையும் நுனியண்ண ஒலியான னகரத்தையும் குறிக்கும். தமிழ் எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டும். சொல்முதலிலும் தகரத்திற்கு முன்னும் நகரம், ஏனைய இடங்களில் னகரம் என்று ஒரு விதி எழுதினால் பெரும்பாலான சொற்கள் சரியாகிவிடும். இரட்டித்து வரும் இடங்களை மட்டும் சொல்வாரியாகப் பார்க்க வேண்டும். எழுதியவருக்கு இவ்வேறுபாடு தெரிந்திருக்கவில்லை. அது அவர் குற்றமும் அன்று.

ஊர் திரும்பியதும் அந்நிறுவனத்தாரிடம் பேசி நிரலைப் பெற்றேன். 6,000 வரிகளுக்கு மேற்பட்ட ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. பக்க வடிவம், தேடல், ஒலிப்பதிவை இயக்குதல், எழுத்து மாற்றம், அகரவரிசை எல்லாம் அதற்குள். எழுத்துமாற்ற அட்டவணையைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பகல் ஆயிற்று. திருத்தினேன். தமிழ் வடிவம் சரியாயிற்று, தேடல் நின்றுபோயிற்று. பயனர் தட்டும் சொல்லைத் தேடுகுறியாக மாற்றுவதற்கும் அதே அட்டவணையைப் பயன்படுத்தியிருந்தார்கள். சேமிப்பிலிருந்த குறிகளோ பழைய அட்டவணைப்படி உருவானவை. இரண்டும் பொருந்தவில்லை. பொறுப்பாளர் பணிவுடன், “அதைத் தொடவேண்டாம், எழுதியவர் இப்போது இங்கே இல்லை” என்றார். இன்றும் அப்பக்கத்தில் பிழை அப்படியே உள்ளது.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று. பிழையைக் கண்டறியும் அறிவு ஒரு பாட்டியிடமும் ஒரு பள்ளிச் சிறுமியிடமும் இருந்தது. திருத்தும் விதி ஒரு மொழியியல் மாணவரிடம் இருந்தது. ஆயினும் திருத்தம் நிகழவில்லை. அறிவு இல்லாமையால் வந்த தடை இல்லை இது. நிரலின் அமைப்பினால் வந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் இந்நிலைக்கு வந்ததற்கு வரலாறு உண்டு. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தை ஏறத்தாழப் பத்து நாள்களில் எழுதினார். இணையப் பக்கத்தில் சிறு சிறு வேலைகளைச் செய்வதற்கான மொழியாக அது கருதப்பட்டது. ஆகவே ஒரு பெரிய நிரலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதி மற்றொன்றிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று வரையறுக்கும் ஏற்பாடு அதில் வைக்கப்படவில்லை. பக்கத்தில் ஏற்றப்படும் எல்லாக் கோப்புகளும் ஒரே பொதுவெளியில் தம் பெயர்களைக் கொட்டின. இரண்டு கோப்புகள் ஒரே பெயரைப் பயன்படுத்தினால் பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும்.

இக்குறையை நிரலாளர்கள் தம் திறத்தால் ஈடுசெய்தார்கள். 2006இல் யாஹூ வெளியிட்ட இடைமுக நிரலகம் எல்லாவற்றையும் ‘யாஹூ’ என்ற ஒரே பெயரின்கீழ் கிளைகளாக அடுக்கியது. குடும்பப் பெயருக்குள் ஆள் பெயர் வைப்பது போன்ற முறை. 2009இல் உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் தோன்றியது. அதே ஆண்டில் காமன்ஜேஎஸ் என்னும் கூறுமுறையும் உருவாயிற்று. ஒவ்வொரு கோப்பும் தனி அறை. வெளியே தரவேண்டியதைத் தானே அறிவிக்கும். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்கும். மொழியின் தரத்திலேயே இவ்வசதி இடம்பெற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறந்து இருபது ஆண்டுகள் கழித்து! அதற்குள் உலகெங்கும் ‘ஒரே கோப்பில் எல்லாம்’ என்னும் பழக்கம் வேரூன்றிவிட்டது. நான் திறந்து பார்த்த அந்த 6,000 வரிகள் அப்பழக்கத்தின் எச்சம்.

ஆனால் வசதி வந்துவிட்டதனால் மட்டும் சிக்கல் தீராது. பிரிக்க முடியும் என்பது ஒன்று; எங்கே பிரிப்பது என்பது வேறு. ஒரு கோப்பை அறுபது கோப்புகளாக வெட்டினாலும், எழுத்துமாற்ற அட்டவணையும் தேடுகுறியும் ஒட்டியே இருந்தால் என் திருத்தம் மறுபடியும் தேடலை உடைக்கத்தான் செய்யும். எனவே வெட்டும் இடத்தைத் தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டும். கோப்பின் நீளம் அளவுகோல் ஆகாது. யாருக்கு எது தெரியும் என்பதே அளவுகோலாக வேண்டும்.

இதற்கு நல்ல சான்று மலையாளக் கணிமைச் சூழலிலிருந்தே வந்திருக்கிறது. மலையாள விக்கிப்பீடியாவில் தட்டச்சுக்காக உருவானது ‘நாராயம்’ என்னும் விரிவாக்கம். நாராயம் என்றால் மலையாளத்தில் எழுத்தாணி. பின்னர் 2012இல் விக்கிமீடியாவின் மொழிப்பொறியியல் குழு, இவ்வகைக் கருவிகளை எந்த இணையதளமும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க தனித்தனி நிரலகங்களாகப் பிரித்தது. உள்ளீட்டுக்கு ஒன்று, எழுத்துருவுக்கு ஒன்று, இடைமுக மொழிபெயர்ப்புக்கு ஒன்று, மொழித்தேர்வுக்கு ஒன்று. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பில் நெடுநாள் உழைத்த சந்தோஷ் தோட்டிங்ஙல் அக்குழுவில் முதன்மைப் பங்காற்றியவர். அவற்றுள் உள்ளீட்டு நிரலகமான ஜேகுவெரி ஐஎம்இ-யைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அதன் உள்ளமைப்பு எளிது. நடுவில் ஒரு மைய நிரல். எழுதும் கட்டம் எது, சுட்டி எங்கே நிற்கிறது, அதற்கு முன்னால் உள்ள சில எழுத்துகள் யாவை என்பன அதற்குத் தெரியும். எந்த மொழியும் அதற்குத் தெரியாது. அருகே விதிகளுக்கென ஓர் அடைவு. அதனுள் மொழிக்கொன்றாக உள்ளடைவுகள். தமிழ் அடைவைத் திறந்தால் தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், பாமினி என விசைப்பலகைக்கு ஒரு கோப்பு. மலையாள அடைவிலும் அவ்வாறே. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அதன் பெயர், விளக்கம், எழுதியவர், உரிமம், பதிப்பு ஆகியவை; கீழே ‘இது வந்தால் இதுவாக மாற்று’ என்னும் இணைகளின் வரிசை. பயனர் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அந்தக் கோப்பு வலையிலிருந்து இறங்கும். பாமினியை நாடாதவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

இறக்கும் அளவு குறைவது நல்லதுதான். ஆனால் அதைவிடப் பெரிய நன்மை வேறு. தமிழ்99 விசைப்பலகையைச் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து 1999இல் தமிழக அரசு ஏற்றது. மெய்யைத் தொடர்ந்து உயிர் வந்தால் உயிர்மெய்யாகும். ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குத் தானே புள்ளி விழும். மெல்லினத்தின்பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. இவை நிரல் விதிகள் என்பதைவிட இலக்கண விதிகள் என்பதே பொருந்தும். அவை ஒரு தனிக்கோப்பில், தம் பெயரோடு, வேறெதனோடும் பின்னாமல் இருக்கும்போது, ஜாவாஸ்கிரிப்ட் அறியாத ஒரு தமிழாசிரியர்கூட அரை மணி நேர விளக்கத்தில் அவற்றைப் படிக்கலாம், தவறினால் சுட்டிக்காட்டலாம். அவர் திருத்துவதனால் மலையாளத்துக்கோ வங்காளத்துக்கோ ஒன்றும் நேராது. அறிவின் எல்லையும் கோப்பின் எல்லையும் ஒன்றாக அமைந்துவிட்டன.

மொழி, அதனுள் விசைப்பலகை என்னும் இவ்வடுக்கைப் பார்க்கும்போது எனக்குத் தொல்காப்பியத்தின் அமைப்பு நினைவுக்கு வருகிறது. பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. இலக்கண நூலும் ஒரு பெரிய விதித்தொகுதிதான். அதைப் பிரித்து அடுக்கியவர்களும் இதே சிக்கலைச் சந்தித்தவர்கள்தாம். எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்கள், அதிகாரத்துக்கு ஒன்பது இயல்கள், ஆக இருபத்தேழு. பிற்காலத்து நன்னூல் எழுத்துக்கு ஐந்து, சொல்லுக்கு ஐந்து என்று சுருக்கியது. இரண்டிலும் அடுக்கு இரண்டு படிகள்தாம்: அதிகாரம், இயல். அதற்குமேல் ஆழம் இல்லை. இன்ன விதி எங்கே இருக்கும் என்று பெயரைக் கொண்டே ஊகிக்கலாம். பிறப்பு பிறப்பியலில் இருக்கும். விளி விளிமரபில் இருக்கும்.

இன்னும் நுட்பமான ஒன்றும் அங்குண்டு. வேற்றுமை என்பது சொல்லதிகாரப் பொருள். பெயர் தொடங்கி விளி ஈறாக எட்டு வேற்றுமைகளையும் வேற்றுமையியல் முறைப்படுத்துகிறது. ஆனால் எழுத்ததிகாரத்துப் புணரியல் அதற்கு முன்பே ஐ, ஒடு, கு, இன், அது, கண் என்னும் ஆறு உருபுகளை மட்டும் பட்டியலிட்டுக்கொள்கிறது. ஏன்? உருபு சேரும்போது ஒலி என்னாகும் என்று சொல்வதற்குப் புணரியலுக்கு அவ்வடிவங்கள் தேவை. அவற்றின் பொருள் தேவையில்லை. எழுவாயும் விளியும் அங்கு வேண்டப்படவில்லை. ஆகவே அவை அங்கு இல்லை. ஓர் இயல் மற்றோர் அதிகாரத்திடமிருந்து தனக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்து, அதைத் தன்னிடமே அறிவித்துக்கொள்கிறது. சிறிது கூறியது கூறல்தான். ஆனால் அந்தச் சிறு மீள்கூறலால் ஒரு பெரும்பகுதியின் முழுச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் தப்புகிறது. நிரலாளர்கள் ‘இடைமுகம்’ என்று அழைப்பதன் சாரம் இதுவே.

என் சொற்பட்டியல் பக்கத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. தேடலுக்கு வேண்டியது ஒவ்வொரு சொல்லுக்கும் மாறாத ஒரு குறி மட்டும். தமிழில் அது எவ்வாறு தோன்றும் என்பது அதற்கு வேண்டாத செய்தி. ஆயினும் ‘ஏற்கெனவே ஓர் அட்டவணை இருக்கிறதே, இன்னொன்று எதற்கு’ என்னும் சிக்கன உணர்வால் காட்சிக்கான அட்டவணையோடு தேடல் கட்டப்பட்டது. மீண்டும் எழுதாதே என்பது நல்ல அறிவுரை. எல்லா இடத்துக்கும் பொருந்தும் அறிவுரை என்று கொள்ளலாகாது. வடிவில் ஒன்றுபோல் தோன்றினாலும், வெவ்வேறு காரணங்களுக்காக மாறக்கூடிய இரண்டு பட்டியல்கள் இரண்டாகவே இருக்க வேண்டும்.

இங்கே இரண்டு எதிர்வாதங்களை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது, பிரித்தலின் கேடு. 2016 மார்ச் 22 அன்று நிகழ்ந்ததைப் பொறியாள நண்பர்கள் உடனே நினைவூட்டுவார்கள். ஒரு சொல்லின் இடப்புறம் வெற்றிடம் நிரப்பும் ‘லெஃப்ட்-பேட்’ என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர், ஒரு பெயர்த் தகராறின் காரணமாக, என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதை நேரடியாகவோ பிறவற்றின் வழியாகவோ சார்ந்திருந்த எத்தனையோ திட்டங்கள் சில மணி நேரம் கட்டமைக்க முடியாமல் நின்றன. அந்நிரலைக் களஞ்சியத்தார் மீட்டுவைக்க வேண்டியதாயிற்று. உண்மைதான். ஆனால் அந்நிகழ்ச்சி என் அளவுகோலை உறுதிசெய்கிறது என்றே கருதுகிறேன். இடப்புறம் வெற்றிடம் நிரப்புவது தனி அறிவுத்துறை ஆகாது. அதைப் பற்றி மற்றவரைவிட மிகுதியாக அறிந்த ஒருவர் என்று யாரும் இல்லை. அத்தகையதைத் தனிக்கூறாக்கிப் பிறரிடம் ஒப்படைப்பதைவிடப் புணரியல் செய்ததுபோலத் தன்னிடமே எழுதிக்கொள்வது மேல். தமிழ்99 விதிகளோ அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்கு அறிந்தோர் இருக்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்கலாம். நாளும் நேரமும் கையாளும் மொமென்ட் நிரலகத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளின் மாதப் பெயர்களும் கிழமைப் பெயர்களும் மொழிக்கொரு கோப்பாக அழகாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றை ஏற்றும் முறை, எம்மொழி வேண்டும் என்பதை இயங்கும்போதுதான் தீர்மானிக்கும் வகையில் அமைந்தது. அதனால் வெப்பேக் போன்ற பொதிகட்டும் கருவிகள், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா மொழிக் கோப்புகளையும் சேர்த்தே கட்டின. தமிழ் மட்டும் வேண்டியவரும் எல்லா மொழிகளையும் சுமந்தார். வேண்டாத பகுதியை நீக்கிக்கொள்ள இயலாத அமைப்பு என்பதையும் ஒரு காரணமாகக் கூறி, 2020இல் அதன் பராமரிப்பாளர்களே, புதிய திட்டங்களுக்கு வேறு நிரலகங்களை நாடுமாறு அறிவித்தார்கள். அடைவில் பிரித்தால் போதாது. ஏற்றும் வழியும் அப்பிரிவை மதிக்க வேண்டும் என்பது இதன் பாடம். இதற்கு மாறாக, தரவுகளை வரைபடமாக்கும் டி3 நிரலகம் அதே 2016இல் தன் நான்காம் பதிப்பில் ஏறத்தாழ முப்பது சிறு நிரலகங்களாகத் தன்னைப் பிரித்துக்கொண்டது. நிலப்படம், கால அளவு, நிறம் என ஒவ்வொன்றும் ஒரு துறை அறிவைச் சார்ந்தது. வேண்டியவர் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். எல்லாம் வேண்டுவோர்க்கு முழுப்பொதியும் உண்டு.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. ‘இன்றைய பொதிகட்டும் கருவிகள் எத்தனை கோப்பாக எழுதினாலும் ஒன்றாக்கித் தந்துவிடும், ஒன்றாக எழுதினாலும் வேண்டாததைக் கழித்துவிடும். ஆகவே அடுக்குமுறை பற்றிய விவாதம் பழையதாகிவிட்டது’ என்பார்கள். கருவி உலாவிக்காகக் கட்டுகிறது. மூலக்கோப்பு மனிதருக்காக இருக்கிறது. அச்சகம் நூலை எத்தனை படிவங்களாக மடித்தாலும், அதிகாரத்தையும் இயலையும் வகுப்பது ஆசிரியர் பொறுப்பு. விதியை அறிந்தவர் திறந்து பார்க்கும் கோப்பு எது என்ற கேள்விக்கு எந்தக் கருவியும் விடை தராது.

நான் புகழ்ந்த நிரலகத்திலும் குறை இல்லாமல் இல்லை. புதிய உள்ளீட்டு முறை ஒன்றைச் சேர்க்க விரும்புபவர் விதிக்கோப்பை எழுதினால் போதாது; எல்லா மொழிகளையும் பட்டியலிடும் மையக்கோப்பிலும் கைவைக்க வேண்டும். மொழி அறிந்தவர் தயங்கி நிற்கும் இடம் அதுதான். மேலும், அதன் பெயரே சொல்வதுபோல், அது ஜேகுவெரி என்னும் மற்றொரு நிரலகத்தின்மேல் நிற்பது. அது எங்கும் நிறைந்திருந்த காலத்தின் தேர்வு. இருந்தும் ஒரு செய்தியில் அதன் ஆசிரியர்கள் மொழியியலாளரைப்போல் சிந்தித்திருக்கிறார்கள். அடைவு மரவடிவில் கிளைக்கிறது; ஒரு கோப்பு ஒரு மொழியின்கீழ்தான் இருக்க முடியும். மொழிகளோ அவ்வாறு இல்லை. துளுவைக் கன்னட எழுத்தில் எழுதுவோர்க்குக் கன்னட விசைப்பலகை வேண்டும். அதற்காகக் கன்னடக் கோப்பைத் துளு அடைவுக்குள் படியெடுக்கவில்லை. மையப் பட்டியலில் துளுவின் பெயருக்கு எதிரே கன்னட முறைகளைச் சுட்டிவிட்டார்கள். உடைமை ஓரிடத்தில், பயன் பல இடங்களில்.

மொழிக்குடும்ப மரம் மட்டுமே மொழி உறவுகளை விளக்கப் போதாது, அண்டை மொழிகள் ஒன்றிலிருந்து ஒன்று பெறுவதையும் காட்ட வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அடைவு மரத்துக்கும் அது பொருந்தும். காணிக்காரர் பேச்சைத் தமிழின்கீழ் வைப்பதா, மலையாளத்தின்கீழ் வைப்பதா என்று மரம் கேட்கும். இரண்டின்கீழும் வேண்டாம், அதற்கென்று தனி அடைவு இருக்கட்டும், எழுத்துக்கு மட்டும் இரண்டு மொழிகளையும் சுட்டட்டும் என்பது என் விடை. சொற்கள் ஒலிக்குறிப்பில் ஒருமுறை சேமிக்கப்பட வேண்டும். தமிழ் எழுத்தில் காட்ட ஒரு கூறு, மலையாள எழுத்தில் காட்ட ஒரு கூறு, தேடுகுறிக்கு ஒரு கூறு. மூன்றும் சேமிப்பைப் பார்க்கலாம், ஒன்றையொன்று பார்க்கக்கூடாது. இவ்வளவுதான். ஓர் எழுத்தை முதன்மையாகவும் மற்றதை அதன் மாற்றாகவும் கட்டிய அன்றே, எல்லைக்கு ஒருபுறத்துப் பிள்ளைகள் இரண்டாம் தரமாகிவிட்டார்கள். ந-ன குழப்பம் அதன் வெளிப்பாடு மட்டுமே.

இனி, இவ்வூரில் இருந்துகொண்டு இதை ஏன் சொல்கிறேன் என்பது. 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில்தான். கட்டற்ற மென்பொருளுக்கென மாநில அரசே நிறுவிய ஐசிஃபாஸ் மையம் இங்கே இருக்கிறது. கேரளப் பள்ளிகளின் கணினிகள் கட்டற்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. மூலநிரல் எல்லோர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை இவ்வூரில் யாரும் புதிதாக வாதிட வேண்டியதில்லை. ஆனால் எனக்குக் கிடைத்த அந்த 6,000 வரிகளும் திறந்துதான் இருந்தன. உரிமம் தந்த உரிமையை அமைப்பு பறித்துக்கொண்டது. திருத்தும் உரிமை எல்லோர்க்கும் உண்டு என்று எழுதிவைத்துவிட்டு, திருத்தினால் வேறொன்று உடையும்படி கட்டினால், அவ்வுரிமை கட்டியவருக்கு மட்டுமே பயன்படும். அவரும் போய்விட்டால் யாருக்கும் பயன்படாது.

ஆகவே பொதுப்பணத்தில் உருவாகும் மொழிக்கருவிகள் தொடர்பாக, கேரளத்திலும் தமிழகத்திலும் பணி ஒப்படைக்கும் நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு என்பேன். ஒன்று, மொழி விதிகள் நிரலிலிருந்து பிரிந்து, மொழிக்கு ஓர் அடைவாக, விதித்தொகுதிக்கு ஒரு கோப்பாக இருக்க வேண்டும்; அடுக்கு இரண்டு மூன்று படிகளைத் தாண்டக்கூடாது. இரண்டு, ஒவ்வொரு விதிக்கோப்புடனும் அதைச் சோதிக்கும் சொற்பட்டியல் ஒன்று இருக்க வேண்டும்: இந்தச் சொல் உள்ளே சென்றால் இந்த வடிவம் வெளியே வர வேண்டும் என்று. அதை எழுதுவது மொழியாளரின் வேலை. அதற்கு நிரலறிவு வேண்டியதில்லை. மூன்று, ஒரு மொழியைச் சேர்ப்பதற்கோ திருத்துவதற்கோ மற்றொரு மொழியின் கோப்பைத் தொட நேரிட்டால், அவ்வமைப்பைக் குறையுடையதாகக் கருதி ஏற்க மறுக்க வேண்டும். நான்கு, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அதற்குப் பொறுப்பான மொழியாளரின் பெயர் இருக்க வேண்டும். நிரலாளரின் பெயர் மட்டும் போதாது.

இவற்றால் செலவு கூடும் என்பார்கள். தொடக்கத்தில் கூடும். ஆனால் ஒப்பந்தம் முடிந்து நிரலாளர் சென்றபின்னும் ஒரு கருவி உயிரோடிருப்பதற்கான விலை அது. இங்கே ஆட்களும் பணமும் உள்ள மொழிகளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. தமிழிலும் மலையாளத்திலும் பிழை இருந்தால் கூச்சலிட ஆயிரம் பேர் உண்டு. கூச்சலிட ஆளில்லாத மொழிகளுக்கு அமைப்புதான் பாதுகாப்பு. ஒரே உடலாகக் கட்டிய நிரலகத்தில் புதிய மொழியைச் சேர்ப்பது உரிமையாளரின் தயவைப் பொறுத்தது. கூறுகளாகக் கட்டியதில் ஓர் அடைவைத் திறந்து வைத்தால் போதும்.

மொழித்துறை நண்பர்களுக்கு ஒரு சொல். நம்மில் பலர் சொற்பட்டியலை விரிதாளில் தட்டி ஒப்படைத்துவிட்டு, பிறகு பிழை கண்டால் பெருமூச்சு விடுகிறோம். ஒப்படைக்கும் நாளிலேயே ‘எங்கள் விதிகள் எந்தக் கோப்பில் இருக்கும்? காட்டுங்கள்’ என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தக் கருவி நம்முடையதாகாது. பொறியாள நண்பர்களுக்கும் ஒரு சொல். கோப்பைப் பிரிக்கும் முன் ‘இதில் பிழை வந்தால் யார் கண்டுபிடிப்பார்?’ என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவருக்குப் புரியும் இடத்தில் கோட்டைப் போடுங்கள்.

மூன்று கூறுகளாக நான் எழுதத் தொடங்கியிருக்கும் புதிய பக்கம் இன்னும் அரைகுறையாகவே உள்ளது. ஆனால் ந-ன விதி ஒரு தனிக்கோப்பில் இருக்கிறது, இருபத்தொரு வரிகள். அடுத்த முறை மலையேறும்போது அதன் சோதனைச் சொற்பட்டியலை அச்சிட்டு எடுத்துச் செல்லப்போகிறேன். சிறுமி படிப்பாள், பாட்டி கேட்பார். தவறென்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்து திருத்தலாம்.

மாற்றுக் கருத்துடையோர், குறிப்பாக இத்தகைய நிரலகங்களைப் பராமரிப்போர், தயங்காமல் எழுதுக.